மெதுவாக அழிக்கவும்

போன் அடித்தது.

கடை திறந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஹார்ட் டிஸ்க் அழிச்சுக் குடுப்பீங்களாமே?"

ஆண் குரல். மென்மையான குரல். ராத்திரி தூங்காத குரல்.

"குடுப்போம் சார்."

"அழிச்சதை மறுபடி அதே மெஷின்ல மாட்டிக்கலாமா?"

"தாராளமா. புதுசு மாதிரி ஓடும்."

"யாராவது தோண்டித் துருவிப் பாத்தா..?"

"பூஜ்யம்தான் கெடைக்கும்."

ஒரு மூச்சு கேட்டது.

"எவ்ளோ நேரமாகும்?"

"எத்தனை ஜி.பி.?"

"ஒரு டி.பி.ன்னு மேல போட்டிருக்கு."

"மூணு மணி நேரம். குடுத்துட்டுப் போங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

"இல்ல... நான் கூடவே உக்காந்திருக்கலாமா?"

அவள் கண் மூலையிலிருந்த நாற்காலிக்குப் போனது.

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"வாங்க," என்றாள். "நாற்காலி இருக்கு."

---

நாற்காலி இருந்தது. அதன் மேல் செத்துப்போன கீபோர்டுகள் பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள்.

ஜன்னல் இல்லாத தரைக்கீழ் அறை அது. மூன்று சுவரிலும் அலமாரி. அலமாரி முழுக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்குகள். அலுவலகங்கள் கழித்துக்கட்டியவை. அவற்றைச் சுத்தமாக அழித்து, மறுபடி உபயோகிக்கிற மாதிரி கொடுப்பதுதான் அவள் தொழில். மாடியில் செல்போன் பழுதுபார்ப்பவர் வைத்த பெயர் 'ரப்பர் அக்கா'. இப்போது தெரு முழுக்க அதுதான்.

கணவர் ஆரம்பித்த கடை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. மகள் கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவாள். மற்ற ஆறு நாளும் இவள் காதில் விழுவது டிஸ்க் சுழலும் சத்தம்தான்.

பத்தரைக்குப் போன் செய்தவர் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை. ஆனால் பட்டனை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். கையில் துவாலை சுற்றிய டிஸ்க்.

"எங்க குடியிருப்போட கேமரா டிஸ்க். நான்தான் சங்கச் செயலாளர். பழைய பதிவெல்லாம் குப்பையாச் சேந்து போச்சு. அதான்..."

விளக்கம் அவள் கேட்கவே இல்லை. எல்லாரும் சொல்லுவார்கள். அவள் யாருடைய டிஸ்க்கையும் திறந்து பார்ப்பதில்லை. அழிப்பதோடு சரி.

மேஜையில் இரண்டு கேபிள்கள் கிடந்தன.

புதுசு நீலம். அதில் மாட்டினால் மூன்று மணி நேரம்.

பழசு கறுப்பு. எப்போதோ கழித்துக்கட்டியிருக்க வேண்டியது. அதில் மாட்டினால் ஒன்பது மணி நேரம், பத்துகூட ஆகும்.

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "நாள் பூரா இங்கயேவா இருப்பீங்க? ஒத்தையிலயா?" என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்டார்.

அவள் கை நீலத்தைத் தாண்டிப் போய்க் கறுப்பை எடுத்தது.

---

பதினொன்றரை.

"எட்டு சதவீதம்தானா?" என்றார்.

"பழைய டிஸ்க் சார். வருஷக்கணக்கா விடாம ஓடித் தேஞ்சிருக்கு. எழுதும்போது திணறும்."

"நான் அழிக்கத்தானே சொன்னேன். எழுதச் சொல்லலையே?"

"அழிக்கிறதுன்னாலே எழுதுறதுதான் சார். இருக்கிறதை எடுத்துக் கொட்ட முடியாது. அது மேல பூஜ்யமா எழுதிட்டே போகணும். முதல் எடத்துலேர்ந்து கடைசி எடம் வரைக்கும். ஒண்ணு விடாம."

அவர் தலையை ஆட்டினார். "மனுஷனுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்," என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அது தன் சத்தம் என்று உறைத்தது.

அவருடைய போன் அடித்தது. எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்... அஞ்சு மணிக்கா? வாங்க மேடம். நான் இருப்பேன்... எல்லாம் தயாரா இருக்கும்."

யார் அந்த மேடம் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அஞ்சு மணி என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மணிக்குத் தன் டப்பாவைத் திறந்து சரிபாதி அவருக்கு வைத்தாள். வேண்டாம் என்றார். பிறகு நாலு நாளாகச் சாப்பிடாதவர் போலச் சாப்பிட்டார்.

"வீட்ல யாரும் இல்லியா சார்?"

"வீட்டுக்காரி... வெளியில இருக்கா. உங்களுக்கு?"

சொன்னாள். கணவர், மகள், ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷம். சில வாரம் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேசுவது என்று சனிக்கிழமையே எழுதி வைத்துக்கொள்வதைக்கூடச் சொன்னாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நடுவுல உடம்பு கிடம்பு சரியில்லைன்னா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாது," என்றாள் விளையாட்டாக.

அன்று செவ்வாய்க்கிழமை.

---

நாலு மணி. ஐம்பத்தெட்டு சதவீதம்.

அவர் இப்போது உட்காரவில்லை. கதவுக்கும் மேஜைக்கும் நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரெண்டு மணிக்கு ஒருத்தர் வந்து டிஸ்க் குடுத்தாரே..."

"ஆமா சார். பள்ளிக்கூடத்து டிஸ்க்."

"அது முடிஞ்சிருச்சா?"

"முடியப் போகுது."

"அதுவும் பழசுதானே?"

அவள் ஈரத்துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

"அதுவும் ஒரு டி.பி.தான். நான் பாத்தேன். அது ரெண்டு மணி நேரத்துல முக்காவாசி ஓடிருச்சு. என்னுது காலையிலேர்ந்து நொண்டுது." அவர் குரல் இறங்கியது. "பக்கத்துல இன்னொரு லைட்டு மின்னுதே... அது எதுக்கு?"

"அதுதான் சார் பள்ளிக்கூடத்து..."

"பொய்."

அவர் போய்க் கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"சார்... எதுக்குக் கதவை..."

"காப்பி எடுத்துட்டீங்க."

"என்னது?"

"படிச்சுக்கிட்டே அழிக்கிறீங்க. அதான் இவ்ளோ மெதுவா போகுது. எல்லாத்தையும் பாத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு போட்டீங்க. இல்ல?"

"சார், நான் யாருதையும் பாக்குறதில்ல. சத்தியமா..."

"அப்ப ஏன் மெதுவா போகுது? சொல்லுங்க."

அவள் முகம் சிவந்து தலை தானாகக் குனிந்தது. கறுப்புக் கேபிளைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"பாத்துட்டீங்கள்ல... அப்ப முழுசாவும் கேட்டுக்குங்க." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கேமராவுல பாத்தீங்களே, அவன் என் மச்சான். என் பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன். ஆறு மாசம் முன்னாடி ஒரு சண்டை. இவ கோவிச்சுக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டா. எங்க தெரியுமா? அதே கட்டடம். எனக்கு நேர் மேல் வீடு. ராத்திரி அவ நடக்குற சத்தம்கூட எனக்குக் கேக்கும். ஆனா பாக்க முடியாது. தினமும் போய் நிப்பேன். அவன்தான் கதவைத் திறப்பான். 'தூங்குறா', 'குளிக்கிறா', 'பாக்க இஷ்டமில்லையாம்'... ஆறு மாசம்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை காலையில மாடிப்படியில வழிமறிச்சேன். அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்டான்னு கெஞ்சினேன். அவன் சிரிச்சான். 'உன்னை அங்க யாரும் தேடல'ன்னான். அவ்ளோதான். கை போயிருச்சு. நெஞ்சுல வச்சுத் தள்ளுன கை இது. பதினாறு படி. கடைசிப் படியில தலை... நேரா மேல கேமரா. அவன் செல்போன் உடைஞ்சு கெடந்துச்சு. கூட்டம் கூடுறதுக்குள்ள ஏதோ பயத்துல அதை எடுத்து என் வீட்டுப் பரண்ல போட்டேன். எல்லாரும் கால் தவறி விழுந்து செத்துட்டான்னு நினைச்சாங்க. ஆனா போலீஸ் கேமராவைக் கேக்குது. டிஸ்க் காணோம்னா என்மேலதான் சந்தேகம் வரும். வேற ஒண்ணு மாட்டலாம்னா டிஸ்க் நம்பர் சங்கத்து நோட்டுல இருக்கு. அதே டிஸ்க் இருக்கணும், ஆனா காலியா இருக்கணும். மெஷின் ஒரு வருஷமா பழுதுன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன்."

மூச்சு வாங்க நிறுத்தினார்.

அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

அதில் இருந்தது பயம். அப்போதுதான் வந்த, புத்தம் புதுப் பயம்.

"உங்களுக்கு... உண்மையிலேயே தெரியாதா?"

"இப்ப தெரியும்," என்றாள்.



அவர் கண்கள் மேஜை மேல் நகர்ந்தன. வேலைக்கு ஆகாத டிஸ்க்கை உடைக்க அவள் ஒரு சுத்தியல் வைத்திருந்தாள். கனமான சுத்தியல். அவர் கை அதன் பிடியில் போய் நின்றது.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்கள்ல," என்றார்.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்து நாள் இந்தத் தரையில் கிடக்கலாம். மாடிக்காரர், கடை மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மகள் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அடிக்கலாம் என்று விட்டுவிடுவாள்.

சாவை விட அந்த ஐந்து நாள்தான் அவளை உலுக்கியது.

"சார்," என்றாள். "ஏன் மெதுவா போகுதுன்னு கேட்டீங்கள்ல?"

சுத்தியலின் பிடியை அவர் விடவில்லை.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. தேயவும் இல்ல, திணறவும் இல்ல. கேபிள்தான் பழசு. அந்த நீலத்துல மாட்டியிருந்தா ரெண்டு மணிக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். தெரிஞ்சேதான் கறுப்பை மாட்டினேன்."

"எதுக்கு?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க. முடிஞ்சா எழுந்து போயிடுவீங்க."

சுத்தியல் மேஜையிலிருந்து ஒரு அங்குலம் எழும்பி நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார். இந்த நாற்காலியில ஒருத்தரும் உக்காந்ததில்ல. கேபிளை மாத்திடவா? மீதி ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். அஞ்சு மணிக்குப் போயிடலாம். அப்புறம் நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க."

செயலாளர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சுத்தியல் மேஜையில் படுத்தது.

அவர் நாற்காலியில் சரிந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆறு மாசமா நானும் ஒரு வார்த்தைக்குத்தான் கதவுல போய் நின்னேன்," என்றார் விரல்களுக்குள்ளிருந்து.

போன் அடித்தது. அவருடையது.

அவர் எடுத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"இன்ஸ்பெக்டரம்மா. நீங்களே சொல்லிடுங்க. என்னால ரெண்டாவது தடவை சொல்ல முடியாது."

அவள் வாங்கினாள். நடந்ததையும் கடை விலாசத்தையும் சொன்னாள். வைத்தாள்.

போலீஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார்.

---

மறுநாள் காவல் நிலையம். காலை பதினோரு மணி.

இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"பரண்லேர்ந்து செல்போனை எடுத்துட்டோம். அவர் சொன்ன எடத்துலயே இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னதை எங்ககிட்டயும் அப்படியே ஒத்துக்கிட்டார்."

"அந்த டிஸ்க் மேடம்? அழிச்ச பாதியிலயா அந்தப் பதிவு இருந்துச்சு?" அதுதான் அவளை ராத்திரி முழுக்க உறுத்தியிருந்தது. "சாட்சியை நானே அழிச்சிட்டேனா?"

"எந்தப் பாதியிலயும் இல்ல."

"இல்லியா?"

"ரெக்கார்டர் மெஷினோட உள்கணக்கைப் பாத்தோம். கடைசியாப் பதிவானது பதினாலு மாசம் முன்னாடி. கேமரா எரியும், பதிவு ஆகாது. பழுது. வாட்ச்மேன் மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கார். மூணு கடிதமும் செயலாளர் மேஜை டிராயர்லயே கெடக்கு. ஒண்ணைக்கூடப் பிரிக்கல."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"எங்ககிட்ட சொல்றதுக்குன்னு ஒரு பொய் வச்சிருந்தாரே, மெஷின் பழுதுன்னு... அது நிஜம்தாம்மா. பேசாம வீட்ல உக்காந்திருந்தாருன்னா, கால் தவறி விழுந்தார்னு நானே ஃபைலை மூடியிருப்பேன். அந்த நாள் பதிவே இல்லாத டிஸ்க்கை அழிக்க வந்து, மெதுவாப் போகுதேன்னு பயந்து, எல்லாத்தையும் கொட்டிட்டார்." இன்ஸ்பெக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "அது சரி... கேபிளை வேணும்னே மாத்தி மாட்டினேன்னு எழுதியிருக்கீங்க. ஏன்னு எழுதலையே?"

அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். எழுத ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டாள்.

"என்னம்மா... கொலைகாரன் மாட்டினான். கொஞ்சம் சந்தோஷப்படக் கூடாதா?"

"எப்படி மேடம் சந்தோஷப்படுறது?" என்று எழுந்தாள் ரப்பர் அக்கா. "இத்தனை வருஷத்துல என்கிட்ட மனசு விட்டுப் பேசினது அவர் ஒருத்தர்தான். அதையும் நீங்க வாக்குமூலம்னு எழுதிக்கிட்டீங்க."