சகுராதா வாசலில் நின்றவள்

சித்திரை மத்தியான வெயிலில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்கு ஆட்டோவில் போனேன். டோக்கியோவில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜோதிகாவின் பெட்டியை அவள் அப்பா தனசேகரனிடம் சேர்க்க வேண்டும். தை மாதம் நிமோனியாவில் போய்விட்டாள். அஸ்தி முன்னமே வந்து பாலாற்றில் கரைத்தாயிற்று.

தாயில்லாப் பெண். ஜப்பான் போகிறேன் என்று அவள் நின்றபோது, போனால் இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னவர் அவர். அவளும் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியிலிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். கொட்டும் பனியில், கம்பளிக் கோட்டோடு, டோக்கியோ அரண்மனையின் பழைய மதில்வாசல் முன்னால் அவள்.

அது சகுராதா வாசல் என்றேன். அவள் சொன்ன கதையையும் சொன்னேன். நூற்று அறுபது வருஷத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில், தலைமை மந்திரி பல்லக்கில் கோட்டைக்கு வந்துகொண்டிருந்தார். ஈரம் படாமலிருக்கக் காவலர்கள் வாள்பிடிக்கு உறை மாட்டியிருந்தார்கள். பகைவர்கள் பாய்ந்தபோது வாளை உருவ முடியவில்லை. வாசலுக்கு வெளியிலேயே அவர் தலை போயிற்று. அதோடு அந்த ஆட்சியும் ஆட்டம் கண்டு, சில வருஷத்தில் கவிழ்ந்தது. ஜோதிகா அடிக்கடி அங்கே போய் நிற்பாள். வாசல் வரைக்கும் வந்தும் உள்ளே போகக் கொடுத்துவைக்காத மனுஷன் என்பாள்.

தனசேகரன் படத்திலிருந்து கண்ணை எடுத்து வாசல் கேட்டைப் பார்த்தார்.

"தினம் இந்நேரத்துக்கு கேட்டாண்ட யாரோ நின்னுக்கினு இருக்கா மாதிரி இருக்குதும்மா. போய்ப் பார்த்தா ஆள் இல்ல. கம்பி மட்டும் ஜில்லுனு இருக்குது."

தெருவில் தறிச் சத்தம் நின்றது.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

பிறகு அந்த மூச்சு. சளி கட்டி, இழுத்து இழுத்து. கடைசி வாரம் முழுக்கப் பக்கத்துப் படுக்கையில் நான் கேட்ட மூச்சு.

அவளேதான்.

"போன வருஷம் லீவுல வந்தா அங்கிள்," என்றேன். "இந்த கேட் வரைக்கும். உங்க பேச்சை மீற மனசு வராம திரும்பிட்டா."

அவர் ஓடிப்போய் கேட்டை விரியத் திறந்தார். தெரு காலியாகக் கிடந்தது. வெறும் காற்றைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"உள்ள வாம்மா."

மூச்சு நின்றது.

இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்புறம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

அன்றிலிருந்து அவர் கேட்டைச் சாத்துவதில்லை. ஆனால் மத்தியானமானதும் அது தானாக மூடிக்கொள்கிறதாம். நேற்று கம்பியைக் கயிற்றால் தூணோடு கட்டிவைத்தாராம். கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது.

கேட் சாத்தியிருக்கிறது. கொண்டி வெளிப்பக்கம் போட்டிருக்கிறது.