சுவரில் நேராக நின்றது

ராஜபாளையம் சந்தை நிலவரப்படி சூரியனின் விலை அரைத் தம்பிடி. அந்தக் காசுக்கு ஓர் ஊசி வாங்கித் தகரத்தில் ஒரு துளை போட்டு, அதை மட்டும் விட்டு ஜன்னலை அடைத்தால், மேற்கு மலை முழுவதும் வகுப்புச் சுவரில் தலைகீழாக வந்து தொங்கும்.

பெண்கள் பள்ளி டீச்சர் வேதசிரோமணி இந்த வியாபாரத்தில் இறங்கியது வேறு வழியில்லாமல்தான். சாத்திய ஜன்னல் கதவில் வண்டு துளைத்திருந்த ஓட்டை வழியாக, யாரோ சுவரில் தலைகீழாக நடந்து போனதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பேய் என்றது ஊர். முப்பது பெண்பிள்ளைகளில் பதினைந்து பேர் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். இன்றைய பதிவேட்டில் இருபது பேர் இல்லையென்றால், நாளை வரும் இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பூட்டிவிடுவார்.

ஆகவே அவள் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டி, ஆளுக்கொரு பெட்டி செய்யவைத்தாள். வெளியே இருப்பதெல்லாம் உள்ளே தலைகீழாகத்தான் விழும், அதற்குப் பெயர் வெளிச்சம், பேயில்லை என்றாள். துணிக்கடைக்காரர் மகள் ஜெய்னப் தன் பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அரைத் தம்பிடி ஊசிக்கு மலையே கிடைக்கி. எங்கத்தாவுக்கு இந்த யாவாரம் தெரியாம போச்சே" என்றாள். சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்டது. நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.

பத்தொன்பது.

கடைசிப் பாடத்துக்கு அறையையே பெட்டியாக்கினாள். பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பாயில் உட்கார, அவள் அவர்களுக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றாள். எண்ணெய்க் காகிதத்தின் காறலும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்த அந்தப் புழுக்கத்தில், தெருவில் போன பருத்தி வண்டியின் சலங்கை காதில் நேராகக் கேட்க, வண்டி மட்டும் சுவரில் சக்கரம் மேலாக, புளியமரத்தின் தொங்கும் உச்சியைத் தாண்டி மெல்ல ஊர்ந்தது.

"டீச்சரம்மா," ஜெய்னப்பின் குரல் இறங்கியிருந்தது. "வெளிய உள்ளது தலைகீழாத்தான் விழும்னு சொன்னீய. இது நேரா நிக்கே."

சுவரின் அடியில், பாவாடை கட்டிய ஒரு சிறு உருவம்.

வேதசிரோமணி துளையைப் பெருவிரலால் பொத்தினாள். மலை அணைந்தது. மரம் அணைந்தது. வண்டி அணைந்தது.

அது அணையவில்லை. இருட்டைவிடக் கொஞ்சம் வெளுப்பாக நின்றது.

அவள் பருத்தித் தரகர் மகள். பயத்தை முகத்தில் காட்டினால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான் என்று பழகியவள். குரல் நடுங்கவில்லை.

"யாரா இருந்தாலும் சரி. எம் வகுப்புக்கு வந்தா நிக்கக் கூடாது. உக்காரு."

பாய் சரசரத்தது.

சுவர் இருட்டாயிற்று.

ஜன்னலைத் திறந்தாள். சாய்வெயில் முதுகுகளில் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த முகங்கள். எல்லாமே தெரிந்த முகங்கள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

யாரும் ஓடவில்லை. அவளும் ஓடவில்லை. பதிவேட்டைத் திறந்து மையைத் தொட்டாள்.

வந்தோர், இருபது.

பாயில் விழுந்த நிழல், பத்தொன்பது.

பாக்கி ஒன்று.