மொம்பாசாவின் கடைசிப் படம்

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் யூட் இரண்டு பெட்டிகளோடு வெளியே வந்தான். ஒன்று மனைவியுடையது. குமுதினி வரவில்லை.

மொம்பாசாவில் ஒரு கோயிலுக்குள் போனவள் காணாமற்போய்விட்டாள் என்றான். தேடிக் களைத்துத் திரும்பியதாகச் சொன்னான். கென்யப் போலீஸ் இன்னமும் கோயில் தெருவில் தேடிக்கொண்டிருந்தது. 2007 மார்ச்.

மறுநாள் காலை 9.10. பீலெஃபெல்ட், யூட்டின் வீடு.

விசாரிக்க வந்த நிலக்சன் ஜெர்மனியில் படித்து வளர்ந்து குற்றப்பிரிவில் சேர்ந்தவன். குமுதினியின் அக்கா சுந்தரேஸ்வரி சோபாவின் நுனியில் இருந்தாள். தானே போய்த் தேடுவதற்கு டிக்கெட் எடுத்திருந்தாள்.

யூட் கமராவை நீட்டினான். பழைய கோட்டை. சாலைக்கு மேலே வளைந்து நின்ற பெரிய உலோகத் தந்தங்கள். சனம் நெரிந்த படகுத்துறை. குமுதினி எதிலும் சிரிக்கவில்லை. கடைசிப் படம் ஒரு கோயில் வாசல். அதில் ஆள் இல்லை.

“இது?”

“அண்டைக்குக் காலமை எடுத்தது. அவள் உள்ளை போனபிறகு.”

“நீங்கள் போகேல்லையோ?”

யூட் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டினான். “நான் வெளியிலை நிண்டனான்.”

“ஏன் கோயிலுக்குப் போனவ?”

“தகப்பன் செத்துப்போனார் எல்லே. அவருக்காகக் கும்பிட வேணும் எண்டு அழுதவள். போனவள் வரேல்லை.” குரல் உயர்ந்தது. “தம்பி, நீர் போலீஸ்காரரோ, எங்கடை பிள்ளையோ? எதெண்டு சொல்லிப்போட்டுக் கேளும்.”

“ரெண்டும்தான், அண்ணை.”

நிலக்சன் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். மூலையில் சாமி அலுமாரி. திரை இழுத்து மூடியிருந்தது. விளக்கு காய்ந்து கிடந்தது.

பின்னால் வந்த சுந்தரேஸ்வரியிடம் மெல்லக் கேட்டான். “ஆர் மூடினது, அக்கா?”

“தங்கச்சிதான். அப்பா செத்த செய்தி வந்த அண்டைக்கு. பயணமே வேண்டாம் எண்டவள். இவர்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனவர். நாளைக்கு அப்பா செத்து முப்பத்தொண்டாம் நாள். அது முடிய நான் வந்து திறப்பன். அவள் வரேக்கை விளக்கு எரிய வேணும்.”

நிலக்சன் படிக்கட்டில் நின்று மொம்பாசாவுக்குப் போன் எடுத்தான். கோயிலை விடுங்கள் என்றான். ஹோட்டல் வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்களைக் கேட்கச் சொன்னான்.

அடுத்த நாள் மாலை 4.30. போலீஸ் நிலையம்.

“குமுதினி கோயிலுக்குள்ளை போகேல்லை, அண்ணை.”

“நீர் கண்டனீரோ?”

“காணத் தேவையில்லை. தகப்பன் செத்தால் எங்கடை சைவ ஆக்களுக்கு முப்பத்தொண்டு மட்டும் துடக்கு. கோயில் வாசலும் மிதிக்கமாட்டினம். வீட்டுச் சாமியையே திரை போட்டு மூடினவ, அங்கை உள்ளை போய்க் கும்பிட்டவவோ?”

யூட் கதவுப் பக்கம் பார்த்தான்.

“உங்கடை ஆக்கள் செத்தவைக்காகக் கோயிலுக்குப் போய்ப் பூசை ஒப்புக்குடுப்பினம். அந்த நினைப்பிலை கதை கட்டினனீங்கள். அவ ஏன் திரையை மூடினவ எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை.”

“சும்மா அலட்டாதையும்.”

“டாக்சிக்காரனைப் பிடிச்சாச்சு. கலங்கரை விளக்கத்தடியிலை இறக்கிப்போட்டுக் காத்து நிண்டவன். இறங்கினது ரெண்டு பேர். திரும்பி ஏறினது ஒராள்.”

யூட் சிலுவையைப் பிடித்தான். விடவில்லை.

“வீட்டை வந்ததும் என்னை விட்டிட்டுப் போறன் எண்டவள்,” என்றான். “பாறையிலை நிண்டு, கடலைப் பாத்துக்கொண்டு சொன்னவள். கடலுக்குள்ளை தள்ளி விட்டிட்டன்.”

சுந்தரேஸ்வரி தங்கையின் வீட்டில் இருந்தாள். முப்பத்தொன்று முடிந்திருந்தது. வீடு கழுவியிருந்தது. திரை விலகியிருந்தது. விளக்கு எரிந்தது.

நிலக்சன் வாசலில் நின்றே சொன்னான்.

அவள் உள்ளே போய் விளக்கை அணைத்தாள். திரையை இழுத்து மூடினாள்.