பதினேழாம் எண் வில்லை

"பதினேழு மட்டும் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டாள் மேவிஸ். பலகையில் மற்ற பித்தளை வில்லைகளெல்லாம் கறுத்துத் தொங்கின.

"பழசு தொலைஞ்சு ஆறு வருஷமாச்சும்மா," என்றார் சதுப்புக்காட்டுக் காவலர் ஓட்டிஸ். "உள்ள போறவங்க ஆளுக்கு ஒண்ணைச் சிவப்பு ஆணியில மாட்டணும். நாலு மணிக்கும் அதுல தொங்கினா தேடி வருவேன். இல்லைன்னா சங்கை ஊதிட்டு, கேட்டைப் பூட்டிட்டு, வீட்டுக்குப் போயிடுவேன்."

"நீ படகுல ஏறு கண்ணு, ரெண்டையும் நான் மாட்டிடறேன்," என்றான் ஹார்லன். கல்யாணமாகி ஏழு மாதம்.

தேநீர் நிறத் தண்ணீரில் கால்வாய் கிளை கிளையாகப் பிரிந்தது. ஹார்லன் ஒரு கிளையிலும் தயங்கவில்லை.

"ஜூனையும் இங்க கூட்டிட்டு வந்தீங்களாக்கும்?" என்று சீண்டினாள். ஜூன் அவனுடைய முதல் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் எவனுடனோ ஓடிப்போனவள்.

"அவளா? கொசுன்னாலே அலறுவா. நானே இப்பதான் முதல் தடவை வர்றேன்."

நட்டநடு நீரில் ஒரு மரமேடை. அவளை அதில் இறக்கி, தன் மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டான். "குளிரும், போட்டுக்கோ. கொக்குகளை இந்தப் பக்கம் விரட்டிட்டு வர்றேன். சத்தம் போட்டா பறந்துடும்."

அவள் சத்தம் போடவில்லை. மட்கிய இலையும் மீனும் கலந்த வாடை முகத்தில் அப்ப, பாசி தொங்கும் மரங்களுக்குப் பின்னால் துடுப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைய, அதுவரை ஓயாமல் கத்திய தவளைகள் யாரோ கையமர்த்தினாற்போல் ஒரே நேரத்தில் அடங்கின. ஒரு மணி நேரம் போனது. விரல்கள் விறைத்தன. சட்டைப்பைக்குள் கைவிட்டாள்.

வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது.

பித்தளை. புதுசு. பதினேழு.

மாட்டவே இல்லை.

"ஹார்லன்!"

தொலைவில் சங்கு ஊதியது. நாலு மணி. சிவப்பு ஆணியில் எதுவும் தொங்காது. ஓட்டிஸ் கேட்டைப் பூட்டுவார்.

"ஓட்டிஸ்! நான் இங்க இருக்கேன்! இங்க இருக்கேன்!"

தொண்டை கட்டியது. மறுபடி அமைதி.

டக்.

காலடியில். மேடைப் பலகைக்குக் கீழே.

டக். டக்.

அவள் அசையவில்லை. பலகை இடுக்கு வழியே, ஊறி வெளுத்த இரண்டு விரல்கள் மேலே வந்தன. அவற்றுக்கிடையே களிம்பேறிய ஒரு வில்லை.

அதிலும் பதினேழு.