புதன்கிழமைக்குப் பிந்திய படங்கள்

1985 ஜூன் 22, சனிக்கிழமை. காலை 9.10.

புலம்பெயர்ந்து வாழும் நகரின் புறநகரான பக்குரங்காவில், ரதிதேவியின் வீட்டிலிருந்து ஒரு தந்தி காணாமற் போயிருந்தது.

ரோமைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் வியாழக்கிழமைதான் திரும்பியிருந்தாள். கூடப் போனவள் அன்னபாக்கியம். பள்ளித் தோழி, கணவனின் அக்காவும்கூட. இன்று காலை பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் விசாரித்தாள். பத்து நாளுக்கு முன், புதன்கிழமை, ஒரு தந்தி வந்ததாம். தானே கதவின் கீழால் தள்ளிவிட்டாளாம்.

கதவடியில் எதுவும் இல்லை. ரதிதேவி உடனே புஷ்பவதியை அழைத்தாள். புஷ்பவதி ஊரிலிருந்தே தெரிந்தவள்; நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், களவு போனதற்கு இழப்பீடு கேட்கும் கோரிக்கைகளை விசாரிப்பவள்.

"அவருக்கு விசா கிடைச்ச தந்தியாத்தான் இருக்கும், அக்கா. ஏழு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். பதில் போடாட்டி மனுசன் என்ன நினைக்கும்?"

'அவர்' யாழ்ப்பாணத்தில் இருந்த குலசிங்கம். ரதிதேவியின் கணவன்.

"நீர் இல்லாத நேரம் வீட்டுக் கதவுத் திறப்பு ஆரிட்டை இருந்தது?"

"அன்னத்தின்ரை மனுசனிட்டை. பூச்சாடிக்குத் தண்ணி விட. தான் தந்தியைக் காணேல்லையாம். எங்கடை கலியாண வீட்டிலை தனக்கு மாலை போடேல்லை எண்டு அவருக்கு என்ரை மனுசனிலை இன்னும் கோபம், அக்கா."

10.25. பென்ரோஸ்.

பண்டகசாலை வாசலில் அன்னபாக்கியத்தின் கணவன் கதிர்காமநாதன் கையுறையைக் கழற்றவில்லை.

"எப்ப போனனீங்கள்?"

"வியாழக்கிழமை."

"தந்தி?"

"காணேல்லை."

"வேறை ஆரும் உள்ளுக்குப் போனவையோ?"

"தெரியாது." உள்ளே போகத் திரும்பியவர், "ரதி சாப்பிட்டவவோ?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி புஷ்பவதியோடு வந்தது. கோபக்காரர் கேட்கும் கேள்வி அல்ல அது.

11.40.

ரதிதேவி அடுப்பு மூட்டியிருக்கவில்லை. வந்த நாளிலிருந்து அன்னபாக்கியம்தான் மூன்று வேளையும் சோறு கொண்டு வருகிறாள், மரக்கறி மட்டும். மேசையில் ரோமில் எடுத்த படங்கள் பரவிக் கிடந்தன.

முதல் படங்களில் அன்னபாக்கியம் தேவாலயத்துக்குள் நின்று மேலே கைகாட்டிச் சிரித்தாள். "இதைத் தூசு தட்ட எவ்வளவு நீளத் தும்புத்தடி வேணும் எண்டு கேட்டவ," என்றாள் ரதிதேவி.

அதன்பிறகு ஒரே ஒரு படத்தில்தான் அன்னபாக்கியம் இருந்தாள். தேவாலயப் படியில், மடியில் இரண்டு கைப்பைகளோடு. மற்றதெல்லாம் ரதிதேவி: நீரூற்றடியில், பாலத்தில், ஐஸ்கிறீமோடு.

"அவ ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"கால்நோவாம்."

நகரம் முழுவதும் கீழே தெரிய, மலையுச்சியில் ரதிதேவி நின்றாள். "இதை ஆர் எடுத்தது?"

"அன்னம்தான். முந்நூறு படி..." ரதிதேவி நிறுத்தினாள்.

"கால்நோவு எப்ப தொடங்கினது?"

"அந்தப் புதன் இரவு, இஞ்சை வியாழன் விடிஞ்ச நேரம். பிள்ளையளோடை கதைக்கவெண்டு ஹோட்டலிலை கீழை போய் ரெலிபோன் எடுத்தவ. வந்து தலை முழுகினா. இந்த நேரத்திலை என்ன முழுக்கு எண்டு பகிடி பண்ணினனான்."

புஷ்பவதி படங்களை மெல்ல அடுக்கினாள். வேலையில் இந்தக் கட்டத்தில் அவளுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி வரும். இன்று, தான் கண்டது பிழையாக இருக்கவேண்டும் என்று விரும்பினாள்.

12.30.

அன்னபாக்கியம் சோற்றுச் சட்டியோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"தந்தியை எடுத்தது உம்மடை மனுசன்," என்றாள் புஷ்பவதி. "மறைக்கச் சொன்னது நீர்."

"ஆர் சொன்னது?"

"நீர்தான். ரெலிபோன் எடுத்த கையோடை முழுகினனீர். முந்நூறு படி ஏறினனீர், ஆனா மாதாகோயில் வாசல் தாண்டேல்லை. சாவுத் துடக்கோடை எந்தக் கோயிலுக்குள்ளையும் போக உமக்கு மனம் வரேல்லை. இந்த வீட்டிலை அடுப்பும் மூட்ட விடேல்லை."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. ரதிதேவி தோழியின் முகத்தைப் பார்த்தாள். துடக்குக் காக்க அன்னத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரே இரத்த உறவு, தம்பி குலசிங்கம்.

அன்னபாக்கியம் கைப்பையிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினாள். "செவ்வாய்க்கிழமை. றோட்டிலை வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள்."

ரதிதேவி தந்தியை வாசித்து மடித்து வைத்தாள். "ஒவ்வொரு கோயிலா மெழுகுதிரி கொளுத்தி அவருக்கு விசா கேட்டனான், அன்னம். நீ பாத்துக்கொண்டு வெளியிலை இருந்தனி. துடக்கு எனக்கில்லையோ? அவர் எனக்கு ஆர்?"

"வீட்டை வந்து சொல்லுவம், ரோமிலை எங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு நினைச்சன். வந்தாப்பிறகு வாய் வரேல்லை."

"ஏன் என்னை இத்தினை படம் எடுத்தனி?"

"இனி உன்னைப் பொட்டோடை ஆர் நிக்க விடுவினம்?"

ரதிதேவியின் கை நெற்றிவரை போய், தொடாமல் இறங்கியது.

"அதை எப்ப எடுக்கிறதெண்டு நான் பாப்பன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எத்தினை நாள் இருக்கு?"

"பத்தொன்பது."

படிக்கட்டில் இரண்டு கைப்பைகளோடு அன்னம் இருந்த படத்தை ரதிதேவி தனியே எடுத்தாள். "இதிலை அழுதனியோ?"

"நீ வெளியிலை வாறதுக்கு முன்னம் துடைச்சுப்போட்டன்."

ரதிதேவி பக்கத்து நாற்காலியை இழுத்தாள். "இப்ப உள்ளுக்கு வந்து இரு," என்றாள்.