அம்மாவுக்கு அனுப்பிய சாவி

சிட்லபாக்கம் ஏரிப்பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்ததும், கம்ப்யூட்டரை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவால் தானாக எழுந்து உட்கார முடியாது. பகலில் சாப்பாடு கொடுக்கப் பக்கத்து வீட்டு ஜென்சி வருவாள். மற்ற நேரத்தில், கிண்டி ஆபீசில் இருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கேமராவில் நான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக ஒரு ரகசியச் சாவி உருவாக்கினேன். சாவி என்றால் ஒரு ஃபைல்தான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளே வரலாம். அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஆபீஸ் லேப்டாப்பில் எடுத்துக்கொள்ள, வழக்கம்போல அம்மாவின் வாட்ஸப்புக்கு அனுப்பி வைத்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவள் போன் பீரோவில் அணைந்து கிடக்கிறது. கரண்ட் பில், ரசீது எல்லாவற்றையும் தொலையாமல் இருக்க அந்த எண்ணுக்குத்தான் அனுப்புவேன். எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கும்.

மறுநாள் மத்தியானம் ஆபீசில் சாவியைப் போட்டு நுழைந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருப்பதாகத் திரை காட்டியது. என் சாவியிலேயே வந்திருந்தார்.

அம்மாவுக்கு அனுப்பியதை வாட்ஸப்பில் பார்த்தேன்.

நீல டிக்.

கேமராவைப் போட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா எங்க போயிருந்தே, அபிதா?"

அது அம்மாவின் பெயர்.

ஜென்சியைப் போனில் கூப்பிட்டு ஓடச் சொன்னேன். கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் அவள் அழுதாள்.

"அண்ணா... அங்கிள் உடம்பு சில்லுனு இருக்கு. போய் ரொம்ப நேரம் ஆயிருக்கும்ணா."

"உட்கார்ந்து பேசிட்டிருக்கார் ஜென்சி. நான் பாத்துட்டுதானே இருக்கேன்."

"நான் கட்டில் பக்கத்துலதாண்ணா நிக்கிறேன்."

திரையில் ஜென்சி இல்லை.

அப்பா மெதுவாகக் காலைத் தரையில் ஊன்றினார். விரல்களை எதிலோ கோத்துக்கொண்டார்.

"சரி, கிளம்பலாம்."

உள்ளே வந்தவரை வெளியேற்றக் கட்டளை கொடுத்தேன். வெளியேறியது நான்தான்.

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்து, ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்தேன். நேற்று மனசு கேட்காமல் ஆபீசில் அதே சாவியைப் போட்டுப் பார்த்தேன்.

திறந்தது.

உள்ளே இரண்டு பேர் இருப்பதாகக் காட்டியது. கேமராவைப் போட்டேன்.

எனக்கு அனுமதி இல்லை என்று வந்தது.