மணியில்லாத அரை நாள்

சனிக்கிழமை காலை பூபாலன் அலமாரியைத் திறந்தான். ஒரு நொடி தலையை இடப்பக்கம் சாய்த்தான். பிறகு நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அடுத்த அறையில் அவன் மனைவி நித்திலாவும் அதேபோலத் தலையைச் சாய்த்துவிட்டு மாம்பழ நிறச் சுடிதாரை எடுத்தாள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் சுற்றுலாப் பேருந்து நின்றிருந்தது. ஏறியவர்களில் ஒருவரும் எந்த இருக்கை என்று தயங்கவில்லை. தலையைச் சாய்த்தார்கள், நடந்தார்கள், உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியபோது எல்லோருடைய முகத்திலும் நல்ல இடம் கிடைத்த நிறைவு இருந்தது.

காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், உளுந்தின் அளவில் ஒட்டியிருக்கும் சாதனத்துக்கு அரசாணைகளில் தெரிமணி என்று பெயர். விற்பவர்கள் சாய்ஸ் பட் என்பார்கள். வீடுகளில் வெறும் மணி. அது இரத்த ஓட்டத்தையும் நாடியையும் பழைய நினைவுகளையும் ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும். எதிரே இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடும். முதலில் ஒரு மெல்லிய குரல் கேட்கும். அடுத்த கணமே அது உங்கள் சொந்த எண்ணம் போல உள்ளே இறங்கிவிடும். பள்ளியில் சேரும் வயதிலேயே ஒட்டிவிடுவதால், அது இல்லாமல் எதையாவது விரும்பிய நினைவு பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

பூபாலனுக்கும் நித்திலாவுக்கும் திருமணம் செய்துவைத்ததும் மணிகள்தான். அவன் மெட்ரோ பணிமனையில் பொறியாளர், அவள் பல் மருத்துவர். குழந்தை வேண்டாம் என்று மணி சொன்னபோது இருவருக்கும் வேண்டாம் என்றே தோன்றியது. அவர்கள் சண்டை போட்டதே இல்லை. வார்த்தை தடிக்கப் போகிறது என்றால் இரண்டு மணிகளும் ஒரே நேரத்தில் பேச்சை மாற்றிவிடும்.

போன வாரம் நித்திலா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய மணி, சட்டை நிறத்தைச் சொல்லும் அதே குரலில், “நீ தனியாக வாழ்ந்தால் உனக்கு இன்னும் பிடிக்கும்” என்றது. அவள் வாயைக் கொப்பளித்தாள். ஆமாம் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. பூபாலனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கம்பம் போகும் இந்த ஒரு நாள் ஒயின் சுற்றுலாவும் உனக்குப் பிடிக்கும் என்று மணி முன்பே சொல்லியிருந்ததால், போய்வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கம்பத்தில் பேருந்து நின்ற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை திராட்சைப் பந்தல். பந்தலுக்கு மேல் கண்ணாடி போன்ற சூரியத்தகடுகள் வெயிலை வடிகட்டிப் பச்சையாக்கி உள்ளே விட்டன. மேற்கே மலை முழுக்க மேகத்தில் இருந்தது. வழிகாட்டிப் பெண் தன்னை ஜெசிந்தா என்று அறிமுகம் செய்துகொண்டாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு தட்டும், தட்டில் சின்னச் சின்ன வெல்வெட் பைகளும் வைத்திருந்தாள்.

“எல்லாரும் மணியைக் கழட்டி இதுல போட்டுருங்க. பை மேல உங்க பேர் தானா வந்துரும். பொழுது சாய மூச்சுப் பரிசோதனை பண்ணிட்டுத் திருப்பித் தந்துருவேன்.”

பேருந்தில் வந்த பதினைந்து பேரும் அசையாமல் நின்றார்கள்.

“கழட்டணுமா?” என்றார் விருதுநகர்க்காரர் ஒருவர்.

“சாராயச் சத்து ரத்தத்துல கலந்தா மணி தாறுமாறாச் சொல்லும் சார். மணியோட குடிச்சவரு ஒருத்தர் பாலத்துலருந்து குதிச்சா ரொம்பப் பிடிக்கும்னு குதிச்சுட்டாரு. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டாங்க. உங்க டிக்கெட்லயே எழுதியிருக்குமே.”

எழுதியிருந்தது. ஆனால் மணியே சொன்ன சுற்றுலா என்பதால் யாரும் படித்திருக்கவில்லை. நித்திலா விரல் நுனியால் மணியை நெம்பினாள். தோலில் ஒரு குளிர்ச்சி. அவ்வளவுதான். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது பந்தல் அப்படியே இருந்தும் அதைப் பற்றி என்ன நினைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறதா? வெறுமனே பச்சையாக இருக்கிறதா? பக்கத்தில் பூபாலன் தன் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எனக்கு நல்லா இருக்கா?” என்று கேட்டான்.

“தெரியலையே.”

ஜெசிந்தா அவர்களைப் பந்தலுக்கடியில் நடத்திப்போனாள். கிளை வெட்டிக் கவாத்து செய்த கொடி எப்படித் துளிர்க்கும் என்று காட்டினாள். பழம் நசுங்கும் தொட்டி, நொதிக்கும் கலன், பிறகு படியிறங்கி நிலவறை. மரப்பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஈரமண்ணும் புளித்த பழமும் கலந்த வாடை. அது நல்ல வாடையா கெட்ட வாடையா என்று அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதா வேண்டாமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

நீண்ட மேசையில் கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. முதலில் ஊற்றியது கம்பத்துப் பன்னீர்த் திராட்சையில் செய்தது, கருஞ்சிவப்பு. இரண்டாவது மேகமலைச் சரிவில் தேயிலை அழிந்த இடத்தில் வளரும் வெள்ளைத் திராட்சை. மூன்றாவது, போடி மலையடியில் தண்ணீர் காட்டாமல் வளர்க்கும் சின்னக் கறுப்புப் பழம். துவர்ப்பு தூக்கலாக இருக்கும் என்றாள் ஜெசிந்தா.

“ஒரு வாய் எடுத்து நாக்குல சுத்தவிட்டு முழுங்குங்க. பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்.”

முதல் கோப்பையைக் குடித்தார்கள். விருதுநகர்க்காரர் மறுபடியும் ஒரு வாய் குடித்தார். “இனிப்பா இருக்கு,” என்றார்.

“அது சரி சார். பிடிச்சிருக்கா?”

“இனிப்பாத்தான் இருக்கு,” என்று அவர் மறுபடியும் சொன்னார். அவர் குரல் நடுங்கியது. ஜெசிந்தா அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப்போட்டாள்.

நித்திலா இரண்டாவதைக் குடித்தாள். எலுமிச்சைத் தோலைக் கடித்தது போல ஒரு கூர்மை இருந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. உள்ளே யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். காலி வீட்டைத் தட்டியது போல இருந்தது.

“உங்களுக்கெல்லாம் எப்படிங்க தெரியுது?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள். “நீங்க மணி போடுறதில்லையா?”

“ருசி பாக்குற வேலையாச்சே, தினம் குடிக்கணும். போட முடியாது மேடம். எங்களுக்கு மட்டும் என்ன பெருசாத் தெரிஞ்சுருது? நேத்து இந்த வெள்ளை ரொம்பப் பிடிச்சுச்சு. இன்னைக்கு வாயில வைக்க முடியல. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், சில நாளு.” அவள் சிரித்துக்கொண்டே மேசையின் அடுத்த முனைக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது கோப்பையில் அது நடந்தது. போடி ஒயின் நாக்கைப் பிடித்து இழுத்தது. ஈறு சுருங்கியது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கதகதப்பு எழும்பி நின்றது. நித்திலா தன்னையறியாமல் கோப்பையை மறுபடி நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்து அவளே திகைத்தாள்.

“இது நல்லா இருக்குங்க,” என்றாள்.

பூபாலன் முகம் கோணியிருந்தது. “இதா? வேப்பங்குச்சியைச் சப்பின மாதிரி இருக்கு.”

“இல்லைங்க, இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க.”

“வேண்டாம் நித்தி. கசக்குது.”

“கசப்பில்லை அது, துவர்ப்பு. ஒழுங்கா நாக்குல வச்சாத்தானே தெரியும்?”

“என் நாக்குல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்றான் அவன். குரல் உயர்ந்துவிட்டது. நிலவறை முழுக்கக் கேட்டது.

இருவரும் நின்றார்கள். பேச்சு மாறும் என்று காத்திருந்தார்கள். எதுவும் மாற்றவில்லை. நித்திலாவின் காது மடல் சூடாகிவிட்டது. கோபம் என்றால் இதுதானா? அவன் மீது கோப்பையை எறிய வேண்டும் போலவும், அவன் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. பூபாலனின் மூக்கு விடைத்திருந்தது. அதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. திருமணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக, அடுத்து அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலே வந்து பந்தலடியில் போட்டிருந்த மரப்பலகையில் உட்கார்ந்தார்கள். மூச்சு தெளியும்வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஆங்காங்கே சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். கொத்துகள் தலைக்கு மேல் தொங்கின. பிறகு நித்திலா சொன்னாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வாரம் மணி சொல்லுச்சு. நான் தனியா இருந்தா எனக்கு நல்லா இருக்குமாம்.”

பூபாலன் அவளைப் பார்த்தான். “உனக்குமா?”

“உங்களுக்கும் சொல்லுச்சா?”

“செவ்வாய்க்கிழமை. மெட்ரோல போய்க்கிட்டிருந்தேன். எனக்கும் சரின்னு பட்டுச்சு. சுற்றுலா முடியட்டும்னு இருந்தேன்.”

அவர்களுக்கு இடையில் ஒரு எறும்பு பலகையைக் கடந்து போனது. போன வாரம் வராத அழுகை இப்போது நித்திலாவுக்கு வந்தது. எதற்காக என்று புரியவில்லை. அவனைப் பிரிவதற்காகவா, பிரிவதைப் பற்றி அன்று அழாமல் வாய் கொப்பளித்ததற்காகவா?

“உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?” என்று கேட்டாள்.

பூபாலனின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. வெறும் தோலைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது.

“கொஞ்சம் பொறு,” என்றான். “யோசிக்கிறேன்.”

அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது. அவள் காத்திருந்தாள். கேள்விக்கு விடை வரவில்லை. அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுப்பார்த்தாள். அங்கும் வரவில்லை. அவனுடைய விடைத்த மூக்கு மட்டும் நினைவுக்கு வந்தது. அதை நினைத்தால் உள்ளே என்னவோ செய்தது. அதற்கு என்ன பெயர் என்று யாரிடம் கேட்பது?

வெயில் இறங்கியதும் ஜெசிந்தா ஒவ்வொருவராக ஊதச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தவர்களுக்குப் பையைக் கொடுத்தாள். மணியை ஒட்டிக்கொண்டவர்கள் பெருமூச்சு விட்டுப் புன்னகைத்தார்கள். “பன்னீர் ஒயின்தான் எனக்குப் பிடிச்சது,” என்று விருதுநகர்க்காரர் சத்தமாகச் சொன்னார். அவர் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

பூபாலன் தன் மணியை ஒட்டினான். அவன் முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிவதை நித்திலா பார்த்தாள். இஸ்திரி போட்ட துணி போல ஆகிவிட்டது.

“பிரியறதுதான் நித்தி நல்லது,” என்றான் அமைதியாக. “எனக்கும் அப்படித்தான் தோணுது.”

“ஒரு நிமிஷம் முன்னாடி தோணலையே?”

“இல்லை. அப்பத் தோணல.” அவன் குழம்பினான். மணியை நெம்பி எடுத்தான். சற்று நின்றான். “இப்பத் தோணல. நீ போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு.” மறுபடி ஒட்டினான். “பயப்பட ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கும்.” மறுபடி எடுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. உள்ளங்கையில் மணியை வைத்துக்கொண்டு கேட்டான். “இதுல எது நான்?”

நித்திலா தன் பையைத் திறக்கவே இல்லை. “நான் மணி போடப்போறதில்லை. இன்னைக்கு ராத்திரி இங்கேயே தங்கப்போறேன். ஊருக்குள்ள ஏதாவது விடுதி இருக்கும்.”

“எதுக்கு?”

“அது தெரியல. தங்கணும் போல இருக்கு. அது எனக்கே வந்துச்சு.”

பேருந்து ஓட்டுநர் ஒலியெழுப்பினார். மற்றவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பூபாலன் பேருந்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“நான் என்ன செய்யட்டும் நித்தி? நீயே சொல்லு.”

இரு என்று சொன்னால் இருந்துவிடுவான். அவளுக்கு அது தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவன் லேசாகத் தலையைச் சாய்த்து நின்ற விதத்தை அவள் கவனித்தாள். காலையில் அலமாரி முன்னால் நின்ற அதே சாய்வு. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினாள்.

“சொல்லேன்,” என்றான்.

அவள் மலைமேகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஓட்டுநர் இரண்டாவது முறை ஒலித்தார். பூபாலன் பேருந்தை நோக்கி நடந்தான். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கி வைத்தான். அப்படியே நின்றான். ஓட்டுநர் ஏதோ கேட்டார். காலை எடுத்துக் கீழே வைத்தான். கதவு மூடிக்கொண்டது. பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு சாலையில் திரும்பி மறைந்தது.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். நித்திலா அவனருகே போனாள்.

“போக வேண்டாம்னு முடிவு பண்ணீங்களா? இல்லை, முடிவு பண்ண முடியாம நின்னுட்டீங்களா?”

பூபாலன் உள்ளங்கையில் இருந்த மணியைப் பார்த்தான்.

“தெரியல,” என்றான்.

அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் ஊர் இருக்கும் திசை என்று தோன்றிய பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். அது சரியான திசைதானா என்று கேட்க யாரும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பூபாலன் சட்டென்று நின்று வயிற்றில் கை வைத்தான்.

“பசிக்குது,” என்றான்.

அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.